பிளாஸ்டிக் பெட்டி மின்காந்த அலையைத் தடுப்பது எப்படி?

2ஜி செல்பேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன்பே "டிட்டிட்... டிட்டிட்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த போன் நொடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அலையை அனுப்புகிறது. ஸ்பீக்கரின் ஒயர் ஆன்டெனாவாக மாறி அதைப் பிடித்துக்கொள்ள, ஆம்ப்ளிஃபையர் அந்தத் துடிப்பையே ஒலியாக்கிவிடுகிறது. இதுதான் மின்காந்தக் குறுக்கீடு. ஸ்பீக்கரில் வந்தால் காதுக்குத் தொல்லை, அவ்வளவுதான். நோயாளியின் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரிலோ, காரின் பிரேக் கட்டுப்பாட்டிலோ வந்தால் உயிர்ப் பிரச்சினை.

உலோகப் பெட்டிக்குள் வைத்தால் தீர்ந்தது. 1 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நூறு கோடி முறை அதிரும் அலையின் வீச்சு செம்புக்குள் 2 மைக்ரோமீட்டர் போவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆனால் உலோகம் கனம், துருப்பிடிக்கும், வளைவு நெளிவான வடிவங்களுக்குச் செலவும் கூடும். பிளாஸ்டிக்கை ஒரே அச்சில் வார்த்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், மின்சாரம் பாயாத பிளாஸ்டிக்கை இந்த அலைகள் தடையில்லாமல் கடந்துபோகும். அதனால்தான் அதற்குள் கார்பன் தூள், கார்பன் நானோகுழாய் (கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கார்பன் குழாய்), உலோக இழை என்று மின்கடத்தும் பொருள் எதையாவது கலக்கிறார்கள்.

கலப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தரையில் கடுகைச் சிதறவிட்டால் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள நிறையக் கடுகு வேண்டும். வைக்கோலைச் சிதறவிட்டால் ஒரு பிடியே போதும், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தொடர்பு வந்துவிடும். கார்பன் தூள் கடுகு மாதிரி, நானோகுழாய் வைக்கோல் மாதிரி. துகள்கள் தொட்டுத் தொட்டு ஒரு பாதை உருவாகும் அந்த அளவை எட்டியதும், பிளாஸ்டிக்கின் மின்கடத்துத்திறன் சட்டென்று பல லட்சம் மடங்கு எகிறும். சாதாரணக் கார்பன் தூளுக்கு அந்த அளவு, வகையைப் பொறுத்து, எடையில் சில சதவீதம் முதல் இருபது சதவீதம் வரை போகும். நானோகுழாயை எபாக்சி என்ற பிசினில் நன்றாகப் பரப்பினால் 0.1 சதவீதத்துக்கும் குறைவாகவே போதும்.

ஆனால் பாதை உருவானால் மட்டும் வேலை முடியாது. நிலைமின்சாரத்தை வடித்துவிட அது போதும். அலையைத் தடுக்கப் பாதைகள் அடர்த்தியாக வேண்டும். அதற்காகத் தூளை அள்ளிக் கொட்டினால் பிளாஸ்டிக் நொறுங்கும். உருகிய நிலையில் குழம்பு கெட்டியாகி அச்சுக்குள் ஓடாது. இதற்கு எனக்கு மிகவும் பிடித்த தீர்வு ஒன்று உண்டு. பாலிமர், அதாவது பிளாஸ்டிக் குருணைகளின் மேல் நானோகுழாயைப் பூசி, சூடாக்கி அழுத்துவார்கள். குருணைகள் ஒட்டிக்கொள்ளும்போது நானோகுழாய்கள் அவற்றின் எல்லைகளில் மட்டும் வலைபோல் தங்கிவிடும். தூளைக் கூட்டாமலே தடுப்பு கூடும்.

தடுப்பை டெசிபலில் சொல்வார்கள். 20 டெசிபல் என்றால் அலையின் ஆற்றலில் 99 சதவீதம் மறுபக்கம் போகாது. 30 என்றால் 99.9 சதவீதம். 2016இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகமும் தென்கொரிய ஆய்வாளர்களும் சேர்ந்து, மெக்சீன் என்ற டைட்டானியம் கார்பைடுத் தகடுகளால் ஆன 45 மைக்ரோமீட்டர் படலத்தில் 92 டெசிபல் காட்டினார்கள். நூறு கோடியில் ஒரு பங்கு ஆற்றல்கூடக் கடக்கவில்லை! கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் பாலிமரோடு கலந்தும் செய்து பார்த்தார்கள். ஈரத்தில் மெக்சீன் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைவதுதான் அதன் பலவீனம்.

இந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்கிவிடக் கூடாது. நன்றாக மின்கடத்தும் பரப்பு அலையைப் பெரும்பாலும் திருப்பியடிக்கிறது. திரும்பிய அலை அதே பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு சிப்பைப் போய்த் தாக்கலாம். அதனால் ஃபெரைட் போன்ற காந்தப் பொருளைச் சேர்த்து, அல்லது நுரை மாதிரிக் காற்றறைகளோடு வார்த்து, அலையை உள்ளே இழுத்து வெப்பமாக்கிவிடப் பார்க்கிறார்கள்.

அப்புறம், மூடியின் இடுக்கு. இங்கே அகலத்தைவிட நீளம்தான் ஆபத்து. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதில் பாதி, அதாவது 6 சென்டிமீட்டருக்கு ஒரு மெல்லிய கீறல் இருந்தாலே அது ஆன்டெனாவாகிவிடும். அதை அடைக்க, வெள்ளி பூசிய உலோகத் துகள்கள் கலந்த சிலிக்கோன் ரப்பர் கேஸ்கெட்டை (இடுக்கை அடைக்கும் பட்டை) மூடிக்கடியில் வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள். அழுத்தத்தில் துகள்கள் நெருங்கித் தொட்டுக்கொண்டால்தான் கேஸ்கெட் வேலை செய்யும். ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் அந்த இடத்தில் தொடர்பு விட்டு, அலை நுழைய வழி கிடைத்துவிடும்.