18 வயது கடந்த பிள்ளை: விவாகரத்தான பெற்றோரில் யார் டிபெண்டன்ட்டாகக் காட்டலாம்?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வருமான வரிக் கணக்குத் தயாரித்துக் கொடுக்கும் என் பணியில், வரிக்காலம் தொடங்கியதும் தவறாமல் மேசைக்கு வரும் சிக்கல் ஒன்று உண்டு. விவாகரத்தான தந்தை ஒருவர், தாயின் வீட்டில் வசித்துக் கல்லூரியில் படிக்கும் மகனை டிபெண்டன்ட்டாக, அதாவது தன்னைச் சார்ந்திருப்பவராக, காட்டிக் கணக்குத் தாக்கல் செய்ய, மகனின் சோஷியல் செக்யூரிட்டி எண் வேறொரு கணக்கில் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளது என்று அது திரும்பி வந்துவிடுகிறது. மகனுக்கு 22 வயதாகும்வரை அவரே காட்டிக்கொள்ளலாம் என்று விவாகரத்துத் தீர்ப்பு சொல்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுத்துத் தாய் கையெழுத்திட்ட 8332 படிவம் கையில் இருக்கிறது. கல்லூரிக் கட்டணத்தையும் அவரே கட்டியிருக்கிறார். இருந்தும் உரிமை தாய்க்குத்தான் என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணம் இதுதான். 8332 படிவத்தின் வழியாக உரிமையை விட்டுக்கொடுக்கும் சிறப்பு விதி, அந்த ஆண்டில் பாதிக்கு மேல் பிள்ளை பெற்றோரின் சட்டப்படியான பராமரிப்பில் இருந்தால் மட்டுமே செல்லும். பிள்ளை மேஜரானதும் அந்தப் பராமரிப்பு உரிமை முடிந்துவிடுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் அது 18 வயது. அலபாமாவிலும் நெப்ராஸ்காவிலும் 19, மிசிசிப்பியில் 21. மார்ச் மாதத்தில் 18 நிறைந்தால் அந்த ஆண்டிலேயே படிவம் பயனற்றதாகிறது. அக்டோபரில் நிறைந்தால் அந்த ஆண்டுக்குச் செல்லும், அடுத்த ஆண்டுக்குச் செல்லாது. தீர்ப்பில் என்ன எழுதியிருந்தாலும் அமெரிக்க வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வரிச் சட்டத்தைத்தான் பார்க்கும்.

அதன்பின் பொது விதியே பொருந்தும். ஆண்டின் முடிவில் 24 வயது நிறையாத, ஐந்து மாதங்களிலாவது முழுநேர மாணவராக இருந்த பிள்ளை, ஆண்டில் பாதிக்கு மேல் யாருடன் வசித்தாரோ அவரே காட்டலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் காலம் தற்காலிகப் பிரிவாகக் கருதப்பட்டு, விடுமுறைக்குத் திரும்பும் வீட்டில் வசித்ததாகவே கணக்கிடப்படும். பணம் கட்டியவர் யார் என்பது இங்கே கேள்வியே அல்ல; பிள்ளை தன் செலவில் பாதிக்கு மேல் தானே ஏற்றிருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. உதவித்தொகை இதில் சேராது, ஆனால் மாணவரின் பெயரிலுள்ள கல்விக்கடன் அவர் தானே ஏற்ற செலவாகிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தாய் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலும், அவர் கணக்குத் தாக்கல் செய்யக் கடமைப்பட்டவராக இருந்தால், தந்தைக்கு உரிமை வந்துவிடாது.

இதில் பணத்தளவில் பெரிது, 500 டாலர் டிபெண்டன்ட் சலுகை அல்ல. அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கல்விச் சலுகைதான். ஆண்டுக்கு 2,500 டாலர்வரை, நான்கு ஆண்டுகளுக்குக் கிடைக்கக்கூடிய இது, மாணவரை டிபெண்டன்ட்டாகக் காட்டுபவருக்கே செல்லும். தந்தை கட்டிய கட்டணமும் மாணவர் கட்டியதாகவே கருதப்பட்டு, தாயின் கணக்கில் சேரும். தனியாகத் தாக்கல் செய்பவருக்கு 80,000 டாலர் வருமானத்துக்கு மேல் சலுகை குறைந்து, 90,000-இல் இல்லாமல் போகும். தாயின் வருமானம் அதைத் தாண்டினால், அவர் பிள்ளையைக் காட்டாமல் விட்டு, மாணவரே தன் வரியில் அதைக் கழித்துக்கொள்ள வழியுண்டு. பகுதிநேர வேலையோ கோடைக்கால வேலையோ செய்து வரி கட்டும் பிள்ளைக்கு இது உண்மையிலேயே உதவும்.

தீர்ப்பின்படி தனக்குச் சேர வேண்டியது கிடைக்கவில்லை என்று தந்தை கருதினால், அதற்குரிய இடம் மாநிலக் குடும்ப நீதிமன்றம். ஒப்பந்தம் எழுதும் நிலையில் இருப்பவர்கள், பிள்ளை மேஜரான பிறகு வரிச்சலுகை பெறும் பெற்றோர் அதில் மற்றவருக்கு எவ்வளவு ஈடு தர வேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் சொல்லி எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

இருவரும் ஒரே பிள்ளையைக் காட்டிவிட்டால், சிபி87ஏ என்ற கடிதம் இருவருக்கும் வரும். உரிமையில்லாதவர் 1040-எக்ஸ் படிவத்தில் கணக்கைத் திருத்த வேண்டும். உரிமையுள்ளவர் கணக்கைத் திருத்தத் தேவையில்லை. பிள்ளையின் ஓட்டுநர் உரிமம், மருத்துவமனைப் பதிவு, கல்லூரியில் நிரந்தர முகவரியாகக் கொடுத்த விவரம் போன்ற, அந்த ஆண்டுக்குரிய ஆவணங்களை எடுத்துவைத்துக்கொண்டால் போதும்.