கண் பார்த்த சாறி, விரல் பார்த்த சாறி

திருகோணமலை நகரத்துப் புடவைக்கடைகளில் பெரியம்மா சாறி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். நிறத்தை ஒரு தரம் பார்ப்பார். அப்புறம் ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்ப்பார். அந்த நேரத்தில் கண் வேறெங்கோ இருக்கும், வாய் விலை கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தத் தேய்ப்பில்தான் எல்லாம் இருக்கிறது. விரலை அசையாமல் வைத்தால் நுண்ணிய இழை பிடிபடாது. பெரிய மேடுபள்ளங்களைத் தோல் அழுந்துவதால் அறிகிறோம், நுண்ணியவற்றை அதிர்வால் அறிகிறோம். இதை ஜெர்மன் உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925இலேயே எழுதினார். ஒரு சின்னக் கணக்கு: இழைகளுக்கிடையே அரை மில்லிமீற்றர், விரலின் வேகம் வினாடிக்கு 10 சென்ரிமீற்றர் என்றால், வினாடிக்கு 200 இழைகள் விரலைக் கடக்கும். அதாவது 200 ஹேர்ட்ஸ். நம் தோலின் ஆழத்தில் அதிர்வை உணரும் பசீனியன் உணர்வுறுப்புகள் மிகக் கூர்மையாக இருப்பதும் 200 முதல் 300 ஹேர்ட்ஸ் வரையில்தான்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் ஆக்மென்டட் ரியாலிட்டி, அதாவது கண்முன் இருக்கும் உலகின்மேல் கணினிப் படத்தைப் பொருத்திக் காட்டும் நுட்பம், அதன் ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள். அதற்கான கண்ணாடியை அணிந்தால் வெறும் மேசைமேல் நெசவுத்துணி தெரியும். விரலில் மோதிரம்போல ஒரு சிறு அதிர்வுக்கருவி. விரல்நுனியை மூடாமல், விரல் நகரும் வேகத்துக்கேற்ப அது அதிரும். அதிர்வது விரலின் நடுக்கணு, சொரசொரப்புத் தெரிவதோ மேசையில்! எனக்கு இது முதலில் நம்பமுடியாததாக இருந்தது. ஆனால் நம் கடற்கரையில் தங்கூசியை விரலில் பிடித்துத் தூண்டில் போடுபவரைக் கேளுங்கள். மீன் கொத்துவதை அவர் ஆழத்தில்தான் உணர்கிறார், விரலில் அல்ல.

சரி, கண் ஒன்று சொல்லி விரல் வேறொன்று சொன்னால்? 1964இல் ரொக், விக்டர் என்ற இரு ஆய்வாளர்கள், சதுரத்தை ஒடுங்கிய செவ்வகமாகக் காட்டும் வில்லையினூடே அதைப் பார்த்தபடியே தொடவும் வைத்தார்கள். பெரும்பாலும் கண்தான் வென்றது. ஆனால் சொரசொரப்பு வேறு விஷயம். லெடர்மன், அபொட் இருவரும் 1981இல் கண்ணுக்கு ஒரு தாளும் விரலுக்கு வேறு சொரசொரப்புள்ள இன்னொரு தாளும் கொடுத்தபோது, விடைகள் ஏறக்குறைய இரண்டுக்கும் நடுவில் விழுந்தன. 2002இல் ஏர்ன்ஸ்ட், பாங்க்ஸ் இருவரும் இதற்குக் கணக்கு வடிவம் தந்தார்கள். எந்தப் புலனின் செய்தி தெளிவோ அதற்கு மூளை அதிக எடை கொடுக்கிறது. படத்தைக் கலங்கலாக்க ஆக்க, எடை விரல்பக்கம் சாய்ந்தது.

ஆகவே கண்ணாடியில் தெரியும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போதாது. அதிர்வு தாமதித்தால் மேசை சொரசொரப்பாவதில்லை, விரலில் ஏதோ துடிப்பதாகவே தெரியும். நம் ஊர்ப் புழுக்கமும் ஒரு சிக்கல்தான், வியர்த்த தோலின் உராய்வு மாறிவிடும். இன்னொன்று, இந்த மோதிரம் வழுவழுப்பான பரப்பில் சொரசொரப்பைச் சேர்க்கும். இருக்கும் சொரசொரப்பைக் கழிப்பது அதற்குக் கடினம்.

பட்டு வாங்கும்போது பெரியம்மா இன்னொன்றும் செய்வார். மடிப்பைப் புறங்கையில் வைத்துக் கொஞ்சம் காத்திருப்பார். தேய்ப்பதில்லை, தோலின் சூடு துணிக்குள் போவதால் வரும் குளிர்ச்சியைப் பார்க்கிறார். அதிர்வு மோதிரத்தில் அந்தக் குளிர்ச்சி இல்லை. அதற்குத் தோலின் சூட்டை இழுத்துக்கொள்ளும் தனிக்கருவி வேண்டும்.