கலகலப்பான தீவா, ஆளரவமற்ற தீவா? முன்பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகள்

முழு ஆண்டுத் தேர்வுகள் நெருங்கும்போது, காட்பாடியில் உள்ள எங்கள் பயண ஏற்பாட்டு அலுவலகத்திற்கு வருவோரில் பலர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த மாதிரி இடமாகப் பாருங்க சார்" என்கிறார்கள். படம் பெரும்பாலும் மாலத்தீவுடையது. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரக்குடில், சுற்றிலும் ஒரு ஆள் கிடையாது. அவர்களிடம் நான் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல. பொழுது சாய்ந்த பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைத்தான். சாப்பிட்டதும் கடைத்தெருவில் ஒரு நடை நடந்தால்தான் தூக்கம் வரும் என்கிற குடும்பத்துக்கு, ஆளரவமற்ற தீவில் இரண்டாம் நாளே சலிப்புத் தட்டிவிடும்.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகள் உள்ளன; அங்கு ஒரு ரிசார்ட் என்பது பெரும்பாலும் ஒரு முழுத் தீவு. காலைச் சிற்றுண்டி முதல் இரவு தேநீர் வரை அவர்கள் விலைக்கு அவர்களிடமே வாங்க வேண்டும். குடியாத்தத்தைச் சேர்ந்த புதுமணத் தம்பதி ஒருவர் இணையத்தில் எடுத்த விலைப் பட்டியலைக் கொண்டுவந்தார்கள். அறை வாடகை கொட்டை எழுத்தில் இருந்தது. தீவுக்கு அழைத்துச் செல்லும் கடல் விமானக் கட்டணம், தலைக்கு இவ்வளவு, வரி தனி என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அதைவிட முக்கியமாக, கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த விமானமோ மாலே நகரில் இறங்கும்போதே இருட்டிவிடும். அந்த இரவை அங்கேயே ஒரு விடுதியில் கழிக்க வேண்டும்; ரிசார்ட்டுக்குக் கட்டிய முதல் இரவு வாடகை வீண். விரைவுப் படகில் சென்றடையக்கூடிய தீவாக மாற்றியதும் இரண்டு செலவுகளும் குறைந்தன.

அதே நாட்டில் மாஃபூஷி போன்று உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் உள்ளன. வாடகை குறைவு, கடைகளும் உணவகங்களும் உண்டு. அங்கு மதுவுக்கு அனுமதி இல்லை. நீச்சல் உடைக்கெனத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். உணவு எங்கும் ஹலால் என்பதால், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் சில இதையே விரும்பிக் கேட்கின்றன.

முதல் முறையாகத் தீவுக்குச் செல்வோருக்கு, பெரிய தீவு ஒன்றின் அமைதியான ஓரத்தையே நான் சிபாரிசு செய்வேன். தாய்லாந்தின் புக்கெட் தீவில் பட்டோங் கடற்கரை நள்ளிரவு தாண்டியும் உறங்காது. அதே தீவின் வடக்கே உள்ள நை யாங்கில் தங்கினால் அலைச் சத்தத்தோடு தூங்கலாம். பாலியில் குட்டாவின் இரைச்சல் வேண்டாதவர்களுக்குச் சனூர் இருக்கிறது. மனம் மாறினால் டாக்ஸி பிடித்துக் கலகலப்புக்குப் போய்த் திரும்பிவிடலாம். தனித்தீவில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. (மார்ச் வாக்கில் வரும் நியெப்பி எனும் மௌன நாளில் மட்டும் பாலி முழுவதும் விமான நிலையம் உட்பட ஒரு நாள் அடைபட்டுவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.)

நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையான சிக்கல் மே மாதம்தான். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது கடலைத் தேடுவது இயல்பு. ஆனால் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக மே மூன்றாம் வாரத்திலேயே அந்தமானைத் தொட்டுவிடும். புக்கெட்டின் மேற்குக் கடற்கரையிலும் அப்போதிருந்து அக்டோபர் வரை கடல் சீறும். குளிக்க வேண்டாமென்று சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சமுய் அந்த மாதங்களில் ஓரளவு நன்றாக இருக்கும். அதற்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பள்ளி விடுமுறையை விட்டால் வழியில்லை என்பவர்கள், அந்தமானுக்கு மே முதல் வாரத்துக்குள் போய்த் திரும்புவது நல்லது.

வயதான பெற்றோரை அழைத்துச் செல்வோர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்டோ ஏறினால் சி.எம்.சி. மருத்துவமனை என்று வாழ்ந்து பழகிய நமக்கு, மருத்துவருக்கும் நமக்கும் இடையில் கடல் இருப்பது என்றால் என்னவென்று சட்டெனப் புரிவதில்லை. அந்தமானில் ஹேவ்லாக் என்று நாம் இன்னும் சொல்லும் ஸ்வராஜ் தீவில் ஆரம்ப நிலைச் சிகிச்சை கிடைக்கும். நிலைமை மோசமானால், இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் கொண்டுசெல்ல வேண்டும். இதய நோயாளிகளோ, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களோ உடன் வருவதாக இருந்தால், தனித்தீவு வேண்டாம் என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

அந்தமான் பயணத் திட்டத்தில், கடைசி இரவை ஹேவ்லாக்கில் வைத்துக்கொண்டு மறுநாள் காலைப் படகில் வந்து விமானம் ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும். விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஸ்கூபா டைவிங் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் 18 மணி நேரமாவது இடைவெளி விடுவது பாதுகாப்பு என்பதால், அதையும் ஹேவ்லாக் போய்ச் சேர்ந்த மறுநாளே முடித்துவிட்டு, கடைசி மாலையைப் போர்ட் பிளேரில் செல்லுலார் சிறையின் ஒலி-ஒளிக் காட்சிக்கு ஒதுக்குங்கள்.