அனிலின்: வளையத்தோடு பகிர்ந்துகொண்ட எலக்ட்ரான் இணை

சென்னைக் கல்லூரிகளின் வேதியியல் ஆய்வகங்களில் நிற்கும் அனிலின் புட்டிகளில் உள்ள திரவம் பெரும்பாலும் பழுப்பேறியே இருக்கும். காய்ச்சி வடித்த புதிதில் அனிலின் நிறமற்ற, எண்ணெய் போன்ற திரவம். காற்றும் வெளிச்சமும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைவதால்தான் அது கருக்கிறது. 184 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். நீரில் மிகக் குறைவாகவே கரையும்.

ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட பென்சீன் வளையத்தில் ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் அமினோ தொகுதி (ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும்) அமர்ந்தால் அது அனிலின். அத்தொகுதியிலுள்ள நைட்ரஜனிடம் பிணைப்பில் ஈடுபடாத ஓர் எலக்ட்ரான் இணை இருக்கிறது. அமில நீரில் உள்ள புரோட்டானைப் பற்றிக்கொள்ள உதவ வேண்டிய அந்த இணை, இங்கே வளையத்தின் பக்கம் சாய்ந்து அதனுடன் பகிரப்படுகிறது. எனவே ஏறத்தாழ இதே அளவுள்ள, ஆனால் எலக்ட்ரான் இணையை வளையத்துடன் பகிராத சைக்ளோஹெக்சைலமீனைவிட, அனிலினின் காரத்தன்மை (புரோட்டானை ஏற்கும் திறன்) சுமார் 10 லட்சம் மடங்கு குறைவு. நைட்ரஜன் இழந்ததை வளையம் பெறுகிறது: சாதாரண பென்சீன் வினையூக்கியில்லாமல் புரோமினுடன் வினைபுரியாது, அனிலினோ புரோமின் நீரைச் சேர்த்த கணத்தில் மூன்று புரோமின் அணுக்களை ஏற்று வெண்ணிற வீழ்படிவாகிவிடும்.

1826-இல் ஓட்டோ உன்வெர்டோர்பென் அவுரி நீலத்தைச் சிதைத்து வடித்து முதன்முதலில் அனிலினைப் பெற்றார். 1856-இல் 18 வயது வில்லியம் பெர்க்கின் கொய்னா மருந்தைத் தயாரிக்க முயன்றபோது, தூய்மையற்ற அனிலினிலிருந்து ஊதாச் சாயம் கிடைத்தது. இன்று பென்சீனை நைட்ரோபென்சீனாக்கி, அதை வினையூக்கியின் துணையுடன் ஹைட்ரஜனால் ஒடுக்கி (ஆக்சிஜனை நீக்கி ஹைட்ரஜனைச் சேர்த்து) அனிலினைத் தயாரிக்கிறார்கள்.

இரண்டு நைட்ரஜன் அணுக்களாலான பாலம் (அசோ பிணைப்பு) கொண்ட அசோ சாயங்கள் உருவாகும் வழியை நம் ஊர் மாணவர்கள் செய்முறைத் தேர்வில் நேரில் பார்க்கிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்த அனிலினுடன் சோடியம் நைட்ரைட்டைச் சேர்த்தால் டையசோனியம் உப்பு கிடைக்கும். அதை பீட்டா நாஃப்தால் என்ற சேர்மம் கரைந்த காரக் கரைசலில் ஊற்றினால் செம்மஞ்சள் சாயம் படியும். இவ்வளவும் 0 முதல் 5 டிகிரிக்குள் நடக்க வேண்டும். சென்னையின் மே மாதத்தில் பனிக்கட்டி தீர்ந்துபோனால், அந்த உப்பு நைட்ரஜன் வாயுவைக் குமிழிகளாக வெளியேற்றிவிட்டு ஃபீனாலாகிவிடும். சாயம் கைக்கு வராது.

இந்தச் சாயக் குடும்பத்தில் ஒரு சிக்கலும் உண்டு. அசோ பிணைப்பு ஒடுக்கமடைந்து முறியும்போது, எந்த அமீன்களிலிருந்து (அமினோ தொகுதி கொண்ட சேர்மங்களிலிருந்து) சாயம் செய்யப்பட்டதோ அவை மீண்டும் வெளிவரக்கூடும். அவற்றுள் பென்சிடின் போன்றவை புற்றுநோயை உண்டாக்குபவை. அத்தகைய சாயங்களுக்கு ஜெர்மனி 1994-இல் தடை கொண்டுவந்தபோது, அந்நாட்டுக்குத் தோல் அனுப்பிய தமிழ்நாட்டுத் தொழிலையும் அது நேரடியாகத் தொட்டது.

அனிலின் என்றவுடன் சாயத்தை நினைப்பது பழைய வழக்கம். இன்று அதன் மிகப் பெரும்பகுதி வேறு பக்கம் போகிறது. ஃபார்மால்டிஹைடு இரண்டு அனிலின் வளையங்களை இணைக்க, பாஸ்ஜீன் என்ற வாயு அவற்றின் அமினோ தொகுதிகளை ஐசோசயனேட்டாக மாற்றுகிறது. இது பல ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட பாலியாலுடன் சேரும்போது குளிர்சாதனப் பெட்டிச் சுவர்களுக்குள் வெப்பத்தைத் தடுக்கும் பாலியூரித்தேன் நுரை உருவாகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ளவை போன்ற டயர் ஆலைகளில் ரப்பரைக் கந்தகத்துடன் விரைவாகப் பிணைக்கும் முடுக்கிகளும், ஓசோனால் டயர் வெடிப்பு விடாமல் காக்கும் சேர்மங்களும் அனிலின் வழி வந்தவையே.

அனிலின் தோல் வழியாகவும் உடலுக்குள் புகும். ஹீமோகுளோபினிலுள்ள இரும்பை ஆக்சிஜனேற்றி, ஆக்சிஜனைச் சுமக்க இயலாத மெத்திமோகுளோபினாக மாற்றுவதால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இதற்குத் தரப்படும் மாற்றுமருந்தான மெத்திலீன் நீலம், அனிலினிலிருந்து பெறும் டைமெத்தில் அனிலினைக் கொண்டே முதலில் தயாரிக்கப்பட்ட சாயம். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியில் குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள். அவர்களுடைய சிவப்பணுக்களை அது சிதைத்துவிடக்கூடும்.