"நீங்க பேசினா புரியுது சார்!"

பெரியவர்களுக்கு ஜெர்மன் சொல்லித்தருவது என் வேலை. பல வருடங்களாக ஒரே புகார் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது: "நீங்க பேசினா எல்லாம் புரியுது சார். ரெக்கார்டிங்ல வர்ற ஆள் பேசினா ஒண்ணுமே புரியலை." ஆரம்பத்தில் இதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். என் பாடத்தில் இருந்த ஓட்டையைத்தான் அவர்கள் சொல்கிறார்கள் என்று உறைக்க வெகுநாள் ஆயிற்று.

உறைக்க வைத்தவர் ஒரு செவிலியர். ஜெர்மனியில் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். இலக்கணத்திலும் சொல்வளத்திலும் வகுப்பில் முதல் ஆள். வீடியோ அழைப்பில் நடந்த நேர்காணலில் கேள்வி கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஒரு அம்மா; அவர் கேட்டதெல்லாம் செவிலியருக்குப் புரிந்தது. பக்கத்தில் இருந்த வயதான மருத்துவர் தொண்டைக்குள்ளேயே பேசுகிறவர். அவர் கேட்ட எதுவும் பிடிபடவில்லை. மறுநாள் வந்து, "எனக்குக் காது சரியில்லையா சார், இல்ல நான் படிச்சதே தப்பா?" என்றார்.

ஒரு மாதிரித் தேர்விலிருந்து, கரகரத்த முதியவர் குரலில் இருந்த பகுதியைப் போட்டேன். ஐந்து கேள்விகளில் இரண்டுக்குத்தான் சரியான பதில் சொன்னார். பிறகு அதே போன்ற இன்னொரு பகுதியை, அதே முதியவர் பேசுவதை, எழுத்து வடிவில் எடுத்து அதே வேகத்தில் நானே வாசித்தேன். ஐந்தும் சரி. சொற்கள் அவருக்குத் தெரியும். அந்தக் குரலைத்தான் தெரியாது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொருவருடைய தொண்டையும் வாயும் ஒவ்வோர் அளவு. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என 76 பேரை ஆங்கில உயிரொலிகளைச் சொல்லவைத்து அளந்த ஓர் ஆய்வு 1952-இல் வந்தது. ஒருவர் சொன்ன உயிரொலியின் அளவும், இன்னொருவர் சொன்ன வேறோர் உயிரொலியின் அளவும் பல இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அப்படியென்றால் காது வெறும் ஒலியை மட்டும் கேட்பதில்லை. பேசுகிற ஆளை எடைபோட்டு, அதற்கேற்ப ஒலியைப் புரிந்துகொள்கிறது. தாய்மொழியில் இந்த வேலை நடப்பதே நமக்குத் தெரியாது. மழலை, பல் போன தாத்தா, சளி பிடித்த அண்ணன் என்று சிறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கான குரல்களில் பழகியிருக்கிறோம். புதிய மொழியிலோ ஆசிரியர் ஒருவர், பாடநூல் ஒலிப்பதிவில் வரும் இரண்டு மூன்று நடிகர்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ர, ல ஒலிகளைப் பிரித்தறியத் திணறும் ஜப்பானியர்களை வைத்து அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுகள் 1990-களின் தொடக்கத்தில் வெளிவந்தன. ஒரே ஒருவர் குரலில் பயிற்சி பெற்றவர்கள் அந்தக் குரலில் தேறினார்கள். புதிய ஆள் பேசியதும் அந்தத் தேர்ச்சி கைகொடுக்கவில்லை. பலர் குரலில் பயின்றவர்களுக்குப் புதிய ஆளிடமும் கைகொடுத்தது. 1994-இல் அதே இடத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, இரைச்சலுக்கு நடுவே தெரிந்த குரல் சொல்லும் சொற்கள் தெரியாத குரலில் வருவதைவிட நன்றாகப் பிடிபடுகின்றன என்று காட்டியது. ஆக, "நீங்க பேசினா புரியுது" என்பது எழுத்துக்கு எழுத்து உண்மை. என் மாணவர்கள் ஜெர்மனைக் காட்டிலும் என்னைத்தான் அதிகம் கற்றிருந்தார்கள்.

ஒரு குரல் நம்மை எங்கே வழுக்கிவிடும்? கட்டையா, கீச்சா என்பது பலர் நினைக்கிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை என்பது என் அனுபவம். விழுங்கிப் பேசுவதுதான் பெரும்பாடு. புத்தகத்தில் 'ஹாபென் வியர்' என்று இருப்பது வாயில் 'ஹம்மா' என்று வரும். ரைன் ஆற்றுப் பக்கத்துக்காரர் பலர் 'நான்' என்பதற்கு 'இஹ்' என்னாமல் 'இஷ்' என்பார்கள். அவர்கள் பேச்சில் தேவாலயம் என்கிற 'கிர்ஹெ'யும் செர்ரிப் பழம் என்கிற 'கிர்ஷெ'யும் ஒன்றுபோல ஒலிக்கும்! தொலைபேசி இன்னும் மோசம். பழைய இணைப்புகளில் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடந்து வரும். 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளின் உயிர் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. தாய்மொழியில் விட்டுப்போனதை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். புதிய மொழியில் நிரப்பக் கையிருப்பு இல்லை. ஜெர்மானியர்களே தொலைபேசியில் எண் சொல்லும்போது, இரண்டு என்கிற 'த்ஸ்வை', மூன்று என்கிற 'ட்ரை'யோடு குழம்பாதிருக்க, 'த்ஸ்வோ' என்று மாற்றிச் சொல்கிறார்கள். அவர்களுக்கே அந்தப் பாடு என்றால் நாம் எம்மாத்திரம்!

வேகத்தைக் குறைக்கும் பொத்தானை எல்லாரும் தேடுகிறார்கள். நான் அதற்கு அவ்வளவு ஆதரவாளன் இல்லை. விழுங்கிய ஒலி, மெதுவாக ஓட்டினாலும் விழுங்கியதுதான். அதைவிட, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி மூச்சு விட்டுக் கேட்பது பலருக்கு உதவுகிறது.

இப்போது என் வகுப்பில் ஒரு சின்னப் பத்தியை எடுத்து ஆறேழு பேர் குரலில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க அதே பத்திதான். சொற்கள் பழகிவிடுவதால் காது குரலைக் கவனிக்கிறது. அப்புறம்தான் புதிய பத்தி. "சுத்தமான ஜெர்மானியர் குரல் மட்டும் போடுங்க சார்" என்று சிலர் கேட்பார்கள். அதற்கு நான் இசைவதில்லை. அங்கே மருத்துவமனையில் உங்களோடு வேலை பார்ப்பவர் போலந்திலிருந்தோ சிரியாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். உச்சரிப்பு வித்தியாசமாக இருந்தால் புரியாது என்றும் சொல்ல முடியாது. அழுத்தமான அயல் உச்சரிப்போடு பேசியும் ஒரு சொல் பிசகாமல் புரியவைப்பவர்கள் நிறைய.

ஒரு எச்சரிக்கை. ஒரு மாணவருக்கு இரண்டு மாதம் இந்தப் பயிற்சியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன், முன்னேற்றமே இல்லை. பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, கூட்டத்தில் தமிழில் பேசினாலும் அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை. காது பரிசோதனையில் உயர் சுருதி ஒலிகளில் குறைபாடு. முதல் வாரமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இப்போது யார் "புரியலை" என்றாலும், "தாய்மொழியில் எப்படி, தொலைபேசியில் எப்படி?" என்று விசாரித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். சந்தேகமிருந்தால் முதலில் காது மருத்துவர், பிறகு ஜெர்மன்.

சரி, அந்தச் செவிலியருக்கு இரண்டாம் நேர்காணல் வந்தது. "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் அதே வாய் அதே மாதிரி, கொஞ்சம் சத்தமாகச் சொல்லும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பிடிபட்டதைத் திருப்பிச் சொல்லி, பிடிபடாத துண்டை மட்டும் கேட்கச் சொன்னேன். அதே மருத்துவர் மறுபடி முணுமுணுத்தபோது, "இரவுப் பணி பற்றிக் கேட்கிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள் என்றா?" என்று இவர் கேட்டிருக்கிறார். "இல்லை, எத்தனை வருட அனுபவம் என்று" என்றாராம் அவர், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு.