இனவரைவியல்: ‘வரைவு’ என்ற சொல்லின் கெட்டிக்காரத்தனம்

எத்னோகிராஃபி என்பதன் முன்பாதி கிரேக்க ‘எத்னோஸ்’, அதாவது மக்கள். பின்பாதி ‘கிராஃபைன்’, எழுதுதல். ஒரு சமூகத்தோடு தங்கிப் பழகி, அவர்கள் வாழும் விதத்தை எழுதிவைப்பது. தமிழில் இதற்கு ‘இனவரைவியல்’ நிலைத்துவிட்டது. ‘இனவரைவியல் நாவல்’ என்று இலக்கிய விமர்சனத்திலும் புழங்குகிறது.

‘இனம்’ எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். நம் காதில் அது சாதி, ரத்தம் என்று விழுகிறது. எத்னோஸ் அவ்வளவு குறுகலில்லை. ஆனால் ‘வரைவு’ இருக்கிறதே, அது கிரேக்கச் சொல்லைவிட விவரமானது. வரைதல் என்றால் எழுதுவது, படம் தீட்டுவது; கூடவே எல்லை கட்டுவதும்தான். (அகத்திணையில் வரைவு என்றால் திருமணம். அது வேறு கதை.)

எல்லை எப்படி விழுகிறது என்பதற்கு பப்புவா நியூ கினியின் திரோபிரியாண்ட் தீவுகளைப் பார்க்கலாம். அந்தப் பெயரே 1793இல் அவ்வழி வந்த பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி ஒருவருடையது. பெரிய தீவு கிரிவினா. முதல் உலகப் போர்க் காலத்தில் மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி அங்கே ஒமரக்கானா கிராமத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, மொழி கற்று எழுதினார். தீவுக்குத் தீவு கைமாறும் குலா பரிமாற்றம் அவரால்தான் உலகுக்குத் தெரிந்தது: செங்கிளிஞ்சல் ஆரம் வலமாகச் சுற்றும், வெண்சங்கு வளை இடமாகச் சுற்றும். 1922இல் வந்த அவர் நூல் இத்துறைக்கே அரிச்சுவடி ஆயிற்று.

1970களில் மானுடவியலாளர் ஆனெட் வைனர் அதே தீவுக்குப் போனார். சாவு வீட்டில் பெண்கள் உலர்ந்த வாழையிலைக் கட்டுகளைக் குவித்துப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்குச் சருகு. ஆனால் அங்கே அது செல்வம். தாய்வழிக் குடியின் மானமே அதில் இருந்தது. மலினோவ்ஸ்கி இதற்குப் பெரிதாக இடம் தரவில்லை. அவர் கோடு ஆண்களின் படகுகளோடும் வள்ளிக்கிழங்கு வகையான ‘யாம்’ கிழங்குக் களஞ்சியங்களோடும் நின்றுவிட்டது. அப்புறம், 1967இல் அச்சேறிய அவருடைய நாட்குறிப்பில் தீவு மக்கள்மீது எரிச்சலும் இளப்பமும் தாராளம். நூலில் அது தெரியாது.

சரி, புழக்கத்துக்கு வருவோம். முறைக்கும் துறைக்கும் இனவரைவியல். அப்படி எழுதப்பட்ட நூலுக்கு இனவரைவு போதும். பல சமூகங்களை ஒப்பிட்டு ஆராய்வது எத்னாலஜி, அதற்கு இனவியல். இனவரைவியலையும் இனவியலையும் ஒன்றாகப் போட்டு எழுதுவது நம் கட்டுரைகளில் சகஜம்.