ஜீரோ வந்தால் போதுமா? சாக்கெட் ஆப்ஷன்களைச் சோதித்துப் பார்ப்பது பற்றி

நெட்வொர்க்கிலோ ஒரே கணினிக்குள்ளோ பேச ஒரு நிரல் திறக்கும் வாயில்தான் சாக்கெட். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அமைப்பு ஆப்ஷன். அதை வைக்க செட்சாக்ஆப்ட் (setsockopt) என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுகிறோம். பிழை இல்லை என்று ஜீரோ திரும்பி வருகிறது. பெரும்பாலான நிரல்களில் கதை அதோடு முடிந்துவிடும். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துத் தொழிற்சாலைக் கருவிகளுக்கு நெட்வொர்க் மென்பொருள் எழுதுவதும், அடுத்தவர் எழுதியதைச் சரிபார்த்துக் கொடுப்பதும் என் தொழில். அந்த ஜீரோவை நம்பியதால் வந்த கோளாறுகள் திரும்பத் திரும்ப என் மேசைக்கு வருகின்றன. "ஆப்ஷனை ஏற்றுக்கொண்டேன்" என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் சொல்வது வேறு, அந்த ஆப்ஷன் உங்கள் சாக்கெட்டில் வேலை செய்வது வேறு. இணைப்பு ஏற்படுத்திப் பேசும் டிசிபியா, இணைப்பில்லாமல் பாக்கெட் அனுப்பும் யுடிபியா, ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசும் யூனிக்ஸ் டொமைனா என்பதைப் பொறுத்து இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் மாறும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஓரிடம். அங்கே வெளியேறும் நீரின் அளவை எடுத்து, மொபைல் சிம் வழியாக சர்வருக்கு அனுப்பும் ஒரு கேட்வே பெட்டி இருந்தது. பெட்டியைச் செய்து கொடுத்தது வெளியூர் நிறுவனம். முதல் பதிப்பு டிசிபியில் ஓடியது. டேட்டா செலவைக் குறைக்க யுடிபிக்கு மாற்றினார்கள். மாற்றும்போது சாக்கெட்டைத் திறக்கும் ஃபங்ஷனில் இருந்த ஆப்ஷன் வரிகள் அப்படியே தங்கிவிட்டன: கீப்அலைவ் (சும்மா இருக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பது), நோடிலே (சின்ன டேட்டாவையும் தாமதிக்காமல் அனுப்புவது), ரிசீவ் பஃபர் (வரும் டேட்டா தங்கும் இடத்தின் அளவு).

அளவுகள் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் நடுவில் விட்டுப்போன அளவைத் "திரும்ப அனுப்பு" என்று சர்வர் கேட்டால், அது பெட்டிக்கு வரவேயில்லை. விட்டுப்போன இடங்கள் பதிவேட்டில் ஓட்டையாகவே நின்றன. நிறுவனத்தின் மேசையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக ஓடும். தளத்தில் ஓடாது.

பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது வெறும் டேட்டா பிரச்சினை இல்லை. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு என்ன செய்தது என்பது ஊரறிந்தது. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் "மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்" என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அந்த மண்ணில் ஒரு கழிவுநீர் மீட்டரின் பதிவில் ஓட்டை விழுந்தால், அதை "நெட்வொர்க் ஸ்லோ" என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

காரணம் இதுதான். மொபைல் நிறுவனங்களின் நெட்வொர்க்கில் பெரும்பாலும் நேட் (NAT, உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் ஏற்பாடு) இருக்கும். பெட்டி ஒரு பாக்கெட் அனுப்பியதும் நேட்டில் ஒரு வழி திறக்கும். கொஞ்ச நேரம் பேச்சில்லை என்றால் மூடிவிடும். யுடிபிக்கு அந்த நேரம் 2 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்கிறது இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 4787. நடைமுறையில் அதைவிடக் குறைவாகவும் உண்டு. பெட்டி 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பேசும். சர்வர் கேட்கும்போது வழி மூடிக் கிடக்கும். "கீப்அலைவ் போட்டிருக்கிறோமே, அது வழியைத் திறந்து வைத்திருக்குமே" என்பது நிறுவனத்தின் வாதம்.

என்னோடு வேலை பார்க்கும் தம்பியும் முதலில் அதையேதான் சொன்னான். "ஜீரோதாண்ணா வந்துச்சு. கெட்சாக்ஆப்ட் போட்டு இன்னொரு தபா படிச்சாலும் ஒண்ணுன்னுதான் காட்டுது. அப்புறம் இன்னாண்ணா?"

"ஒண்ணுன்னு காட்டுறது கெர்னல் தன் நோட்டுல எழுதி வச்சதை. வயர்ல பாக்கெட் போச்சான்னு டிசிபிடம்ப் போட்டுப் பாருடா."

போட்டான். ஒன்றும் போகவில்லை. போகவும் போகாது. யுடிபியில் இணைப்பு என்ற ஒன்றே கிடையாது. எதை உயிரோடு வைத்திருப்பது? ஆனாலும் லினக்ஸ் கீப்அலைவை யுடிபி சாக்கெட்டில் மறுப்பதில்லை.

ஏன் மறுப்பதில்லை என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பிலிருந்தே ஆப்ஷன்களுக்கு மட்டங்கள் உண்டு. எஸ்ஓ (SO_) என்று தொடங்குபவை பொது மட்டம். எல்லா வகைச் சாக்கெட்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில் கெர்னல் அவற்றைக் கையாள்கிறது. கீப்அலைவ் கேட்டால் ஒரு கொடியை (ஆம்/இல்லை என்ற குறிப்பை) ஏற்றி வைக்கும். அந்த நெறிமுறைக்குக் கீப்அலைவ் வேலை உண்டென்றால் அதைக் கூப்பிடும், இல்லையென்றால் கொடியோடு சரி. நோடிலே போன்றவை டிசிபி மட்டம். அந்தக் கோரிக்கை நேரே நெறிமுறையிடம் போகிறது. யுடிபி சாக்கெட்டில் அதை வைத்தால் "இப்படி ஓர் ஆப்ஷன் இங்கே இல்லை" என்று 92ஆம் எண் பிழை வரும். அதையே யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டில் வைத்தால் 95 (இங்கே இதற்கு ஆதரவில்லை) வரும். ஒரே தவறு, சாக்கெட் வகைக்கு ஒரு பிழை எண். 92ஐ மட்டும் எதிர்பார்த்து எழுதிய நிரல் 95 வந்ததும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெட்டியில் நோடிலே வரி ஒவ்வொரு முறையும் 92 கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. திரும்பி வந்த மதிப்பை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் "இது டிசிபிக்கான வரி ஆச்சே" என்று அப்போதே கேட்டிருப்பார்கள், பக்கத்து வரி கீப்அலைவும் கண்ணில் பட்டிருக்கும்.

தீர்வு எளிது. நிரலே குறித்த நேரத்துக்கு ஒரு சின்ன பாக்கெட் அனுப்ப வேண்டும். எவ்வளவு அடிக்கடி என்பதற்கு ஆர்எஃப்சி 8085 ஒரு வரம்பு வைக்கிறது: 15 நொடிக்கு ஒன்றைவிட அடிக்கடி கூடாது, முடிந்தவரை இடைவெளியைக் கூட்டு. தளத்தில் இருக்கும் அதே சிம்மைப் போட்டு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், பதில் எப்போது நிற்கிறது என்று அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அலுவலக வைஃபையில் அளந்தால் பயன் இல்லை.

டிசிபியில் கீப்அலைவ் வேலை செய்யும், ஆனால் நீங்கள் நினைக்கும் வேகத்தில் அல்ல. லினக்ஸில் இயல்பாக 7200 நொடி சும்மா இருந்த பிறகுதான் முதல் சோதனைப் பாக்கெட் போகும். பதில் இல்லையென்றால் 75 நொடிக்கு ஒன்றாக மொத்தம் 9. ஆக, எதிர்முனை செத்துப்போனது தெரிய 2 மணி 11 நிமிடம். கீப்ஐடில், கீப்இன்டர்வெல், கீப்கவுன்ட் மூன்றையும் அந்தச் சாக்கெட்டிலேயே குறைக்காவிட்டால், வெறும் கீப்அலைவ் போட்டு என்ன பயன்?

இதைச் சோதிக்கப் பலரும் எதிர்முனை நிரலை கில் செய்து பார்க்கிறார்கள். "உடனே தெரிஞ்சிடுச்சு, கீப்அலைவ் வேலை செய்யுது" என்கிறார்கள். நிரல் செத்தால் அந்த முனையின் கெர்னலே இணைப்பை முடிக்கும் ஃபின்னோ ரீசெட்டோ அனுப்பிவிடும். கீப்அலைவுக்கு அதில் வேலையே இல்லை. மின்சாரம் போன பெட்டியும் சிக்னல் இழந்த சிம்மும் எதையும் அனுப்பாது. அந்த மௌனத்தை உண்டாக்கித்தான் சோதிக்க வேண்டும். நான் செய்வது இப்படி: ஐடில் 10 நொடி, இடைவெளி 5, எண்ணிக்கை 3 என்று வைத்து இணைப்பை எடுக்கிறேன். லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் அந்தப் போர்ட்டின் போக்குவரத்தை இரு பக்கமும் டிராப் செய்கிறேன். ரிஜெக்ட் கூடாது, அது பதில் அனுப்பிக் கெடுத்துவிடும். இன்னொரு திரையில் சாக்கெட் நிலையைக் காட்டும் எஸ்எஸ் (ss) கட்டளையை டைமர் காட்டும்படி ஓட விடுகிறேன். கீப்அலைவ் என்று ஒரு டைமர் 10இலிருந்து இறங்குவது தெரியும், பிறகு பதில் வராத சோதனைகளின் எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறும். கடைசிப் பேச்சிலிருந்து 25 நொடி வாக்கில், ரிசீவில் காத்திருந்த நிரலுக்கு 110ஆம் பிழை (நேரம் முடிந்தது) வர வேண்டும்.

இதே சோதனையில் ஒரு மாற்றம் செய்து பாருங்கள். டிராப் போட்ட பிறகு இந்த முனையிலிருந்து ஏதாவது சென்ட் செய்யுங்கள். சென்ட் வெற்றி என்றே சொல்லும், ஏனென்றால் டேட்டா பஃபருக்குள் விழுந்துவிட்டது. ஆனால் 25 நொடி கடந்தும் பிழை வராது. ஒப்புகை வராத டேட்டா நிலுவையில் இருக்கும்வரை கீப்அலைவ் ஒதுங்கிக்கொள்ளும், மறு அனுப்புதல் டைமர் பொறுப்பேற்கும். லினக்ஸின் இயல்பு அமைப்பில் அது கைவிட ஏறக்குறைய கால் மணி நேரம் பிடிக்கும். இதற்கு யூசர் டைம்அவுட் என்ற வேறு ஆப்ஷன் இருக்கிறது, மதிப்பு மில்லி நொடியில். எதிர்முனை மௌனமானதைச் சீக்கிரம் அறிய வேண்டிய டிசிபி நிரலுக்கு இரண்டுமே வேண்டும். கீப்அலைவ் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. எனக்கு அது பெரிய குறை.

இனி பஃபர். ரிசீவ் பஃபருக்கு 65536 என்று வைத்துத் திரும்பப் படித்தால் லினக்ஸ் 131072 என்று காட்டும். கணக்கு வழக்குச் செலவுக்காகக் கெர்னல் இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. வைத்ததும் படித்ததும் சமமா என்று பார்க்கும் சோதனை இங்கே வீணாகத் தோற்கும். அதைவிட மோசம், 4 எம்பி என்று கேட்டாலும் ஜீரோதான் வரும். ரிசீவ் பஃபருக்குக் கணினியில் வைத்த உச்சவரம்பான ஆர்மெம்_மேக்ஸ் வழக்கமான 212992இல் இருந்தால், உங்களுக்குக் கிடைப்பது அதன் இரட்டிப்பான 425984. சத்தமில்லாமல் வெட்டிவிடும். டிசிபியில் இதனால் இன்னொரு நட்டமும் உண்டு: கையால் பஃபர் வைத்த கணமே கெர்னலின் தானியங்கிச் சரிசெய்தல் அந்தச் சாக்கெட்டுக்கு நின்றுபோகும். சும்மா விட்டிருந்தால் பல கணினிகளில் 6 எம்பி வரை தானே வளர்ந்திருக்கும். வேகம் கூட்டப் போட்ட வரி வேகத்தைக் குறைக்கும். யுடிபியில் அப்படி வளரும் வசதி கிடையாது, பஃபர் நிரம்பினால் பாக்கெட் கீழே விழும், யாருக்கும் பிழை போகாது. ஆகவே அங்கே ஆர்மெம்_மேக்ஸைச் சேர்த்து உயர்த்துவது நியாயம். யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டில் ரிசீவ் பஃபர் ஆப்ஷனுக்கு விளைவே இல்லை, அனுப்பும் பக்கத்து சென்ட் பஃபர்தான் கணக்கு.

படிக்கும் பக்கத்திலும் ஒரு பொறி உண்டு, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. பியர்கிரெட் ஆப்ஷன், யூனிக்ஸ் சாக்கெட்டில் எதிர்முனை யார் என்று சொல்லும்: பிராசஸ் எண், பயனர் எண், குழு எண். அதையே டிசிபி சாக்கெட்டில் கேட்டால் பிழை வராது. பிராசஸ் எண் 0, பயனர் எண் மைனஸ் 1 என்று வெற்றிகரமாகத் தரும். உள்ளூர் சேவையை யூனிக்ஸ் சாக்கெட்டிலிருந்து டிசிபிக்கு மாற்றுகிறவர்கள், பயனர் எண்ணை வைத்து அனுமதி கொடுக்கும் இடத்தைக் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். பிராசஸ் எண் 0 என்பதை யாராவது "சிஸ்டம்" என்று நினைத்து எழுதியிருந்தால் வாசல் திறந்து கிடக்கும்.

சின்னவை சில. ப்ராட்காஸ்ட் ஆப்ஷன் இல்லாமல் யுடிபியில் எல்லோருக்கும் போகும் ப்ராட்காஸ்ட் முகவரிக்கு அனுப்பினால் 13ஆம் பிழை (அனுமதி இல்லை). டிசிபியில் அந்த ஆப்ஷனை வைத்தால் ஏற்கும், ஒன்றும் நடக்காது. மூடும்போது காத்திருக்கும் நேரமான லிங்கரை 0 நொடியோடு வைத்து மூடினால் டிசிபி ரீசெட் அனுப்பும், யுடிபியில் விளைவில்லை. ஐபிவி6 மட்டும் என்ற ஆப்ஷனைப் பைண்ட் செய்த (சாக்கெட்டை ஒரு முகவரியில் அமர்த்திய) பிறகு வைத்தால் 22ஆம் பிழை (மதிப்பு செல்லாது). ஆகவே வைக்கும் வரிசையும் சோதனையில் இருக்க வேண்டும். ரிசீவ் டைம்அவுட் மூன்று வகையிலும் வேலை செய்யும், ஆனால் பல சாக்கெட்டுக்கு ஒன்றாகக் காத்திருக்கும் poll, epoll அழைப்புகள் அதைக் கண்டுகொள்வதில்லை.

முகவரியை மறுபடி எடுக்க விடும் ரியூஸ்ஆடர் ஆப்ஷனைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிசிபி சர்வரை நிறுத்தி உடனே ஓட்டினால் மூடிய பின்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கும் டைம்வெயிட் நிலையில் நிற்கும் பழைய இணைப்புகளால் 98ஆம் பிழை (முகவரி பயன்பாட்டில் உள்ளது) வரும். லினக்ஸில் அந்த நிலை 60 நொடி நீடிக்கும். ரியூஸ்ஆடர் அதைத் தாண்ட வைக்கிறது. இரண்டு சர்வர் ஒரே முகவரியில் லிசன் செய்ய அது விடாது. யுடிபியில் இதே ஆப்ஷனை இரண்டு நிரலும் வைத்தால் இரண்டுமே ஒரே போர்ட்டில் உட்காரும், ஆனால் ஒரே முகவரிக்கு என்று வரும் யுனிகாஸ்ட் பாக்கெட் அந்த இரண்டில் ஒரு நிரலுக்குத்தான் போகும். பழைய பிராசஸ் சாகாமல் இருக்கும்போது புதியதை ஓட்டிவிட்டு, "டேட்டா ஒரு சர்வர்ல வருது, இன்னொண்ணுல வரல" என்று நாள்கணக்கில் தேடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். யூனிக்ஸ் டொமைனில் ரியூஸ்ஆடர் வைத்தாலும் பழைய சாக்கெட் கோப்பு கிடந்தால் 98 வரும். கோப்பை அழித்தே ஆக வேண்டும்.

சோதனையை எழுத பெரிய கருவி எதுவும் வேண்டாம். காட்பாடிப் பக்கக் கல்லூரி மாணவர்கள் பயிற்சிக்கு வரும்போது முதல் வாரத்தில் இதைத்தான் கொடுக்கிறேன். பைத்தானில் டிசிபி, யுடிபி, யூனிக்ஸ் ஸ்ட்ரீம், யூனிக்ஸ் டேட்டாகிராம் என்று சாக்கெட்டுகளைத் திறந்து, ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் இயல்பு மதிப்பு, வைத்ததும் வந்த விடை, திரும்பப் படித்த மதிப்பு மூன்றையும் பதிவு செய்யச் சொல்கிறேன். அரை நாள் வேலை. நான்காவது நெடுவரிசையைக் காலியாக விடச் சொல்கிறேன்: வயரில் என்ன நடந்தது. அதை டிசிபிடம்ப், எஸ்எஸ், ஐபிடேபிள்ஸ் வைத்துக் கையால்தான் நிரப்ப வேண்டும். மூன்று நெடுவரிசையும் அழகாக நிரம்பி நான்காவதில் "ஒன்றுமில்லை" என்று வரும் வரிகளை அவர்கள் சிவப்பில் குறிக்கிறார்கள். கருவிக்குள் போகும் நிரலில் அந்தச் சிவப்பு வரி இருந்தால் அனுமதிப்பதில்லை.

கெர்னலை மாற்றினால் இதைத் திரும்ப ஓட்ட வேண்டும். பல சாக்கெட்டுகள் ஒரே போர்ட்டைப் பகிர விடும் ரியூஸ்போர்ட் ஆப்ஷன் லினக்ஸ் 3.9இல் வந்தது. நெடுங்காலம் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டிலும் ஜீரோ தந்துகொண்டிருந்தது, அங்கே அதற்கு வேலை இல்லை என்றாலும். அண்மைக் கெர்னல்களில் இன்டர்நெட் வகையல்லாத சாக்கெட்டுகளில் அது 95 தருகிறது. எல்லாச் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபங்ஷனில் ரியூஸ்போர்ட் வைத்துவிட்டு, பிழை வந்தால் நிரலை நிறுத்தும்படி எழுதியவர்களுக்கு, கெர்னலைப் புதுப்பித்த காலையில் சேவை எழுந்திருக்காது. அப்படி ஒரு ஃபங்ஷன் உங்களிடம் இருந்தால், சாக்கெட்டின் வகையையும் குடும்பத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் ஆப்ஷனை மட்டும் வைக்கும்படி பிரித்து எழுதுங்கள்.